ஏற்காட்டில் மாணவத் தலைவர்கள் தியானம்: கிளம்பும் முன் கேட்கும் கேள்விகள்

சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் கத்தோலிக்க மாணவர் குழுக்களை நடத்துகிற பிள்ளைகளுக்காக ஏற்காட்டில் ஒரு வார இறுதித் தியானம் வைக்கிறோம். வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடியும். அழைப்பு போன உடனே வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. சிலவற்றைப் பெற்றோர் கேட்டார்கள். ஒன்றிரண்டை யாரும் கேட்கவில்லை, ஆனால் மனசுக்குள் இருக்கும் என்பதால் நானே சேர்த்தேன்.

இது லீடர்ஷிப் கேம்ப் தானே? சர்டிபிகேட் உண்டா?

சர்டிபிகேட் கிடையாது. மேடைப் பேச்சுப் பயிற்சி, குழு விளையாட்டு, பவர்பாயின்ட் எதுவும் கிடையாது. அதெல்லாம் தேவைதான், ஆனால் அதை உங்கள் கல்லூரியிலேயே வருஷம் முழுக்க யாராவது நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மாணவர் குழுவை நடத்துகிறவர் பாடு எங்களுக்குத் தெரியும். மாதத் திருப்பலிக்கு ஃபாதரிடம் தேதி வாங்க வேண்டும். ஹாலுக்கு முதல்வரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பாடல் குழுவில் யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொண்டு அதற்கேற்ப இடம் போட வேண்டும். போன வாரம் வராதவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். எல்லாம் முடிந்து திருப்பலி தொடங்கினால், மைக் கரகரக்கிறதே என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் செபிக்க எல்லா ஏற்பாடும் செய்துவிட்டுத் தான் மட்டும் செபிக்காமல் வீட்டுக்குப் போகிற ஆள் அவர். அவருக்காகத்தான் இந்த இரண்டு நாள். இங்கே நீங்கள் எதையும் நடத்த வேண்டாம். நாற்காலி போடக்கூட எழுந்து வராதீர்கள்.

மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் திருத்தூதர்கள் ஊர் ஊராகப் போய்த் திரும்பி வந்து, செய்தது கற்பித்தது எல்லாவற்றையும் இயேசுவிடம் சொல்கிறார்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருக்கிறார்கள். அப்போது அவர் அடுத்த ஊர்ப் பட்டியலை எடுக்கவில்லை, தனியான இடத்துக்குப் போய்க் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொன்னார். கூட்டம் கால்நடையாக ஓடி அவர்களுக்கு முன்பே அங்கே போய் நின்றுவிட்டது என்பது வேறு கதை. ஏற்காட்டுக்கு உங்கள் கூட்டம் வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

நான் தலைவரே இல்லையே, என்னை ஏன் அழைத்தீர்கள்?

யார் எதற்கு ஓடுகிறார் என்று பார்த்துத்தான் அழைக்கிறோம், பதவியைப் பார்த்து இல்லை. ஐக்கஃப் என்ற கத்தோலிக்கக் கல்லூரி மாணவர் அமைப்பின் செயலாளர் வரலாம், விடுதியில் செபமாலைக்கு நாலு பேரைக் கூட்டுகிறவரும் வரலாம், இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளை வழிநடத்துகிற கல்லூரி மாணவியும் வரலாம். கடைசி வரிசையில் இருந்துகொண்டு பாட்டுப் புத்தகம் கொடுக்கிற தம்பி கட்டாயம் வரவேண்டும்.

அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் பேரவை, அதாவது நாம் சொல்லும் ஐக்கஃப், 1924இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் தொடங்கியது. நம் ஊர் வளாகம் ஒன்றில் முளைத்தது நாடு முழுக்கப் பரவியது. அதற்கும் முன்னால், 1833இல் பாரிசில் ஃபிரடெரிக் ஒசானாம் சில மாணவ நண்பர்களோடு ஏழைகள் வீட்டுப் படியேறத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. நம் பங்குக் கோயில்களில் இன்றும் இருக்கிற வின்சென்ட் தே பவுல் சபை அப்படி வந்ததுதான். அந்தச் சபையின் முதல் தலைவர் ஒசானாம் இல்லை, எம்மானுவேல் பெய்லி என்ற மூத்தவர். எனவே லெட்டர்பேடில் உங்கள் பெயர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள்.

சேலத்திலேயே நடத்தக்கூடாதா? மலைக்கு ஏன்?

நடத்தலாம். ஆனால் சேலத்தில் நடத்தினால் என்ன ஆகும் என்று தெரியும்: சனிக்கிழமை மதியம் நாலு பேர் 'ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் ஃபாதர்' என்று அஸ்தம்பட்டிக்குக் கிளம்புவார்கள். மலை மேலே இருந்தால் அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் முதல் அருள் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் காற்று. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்து வெயிலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கண்ணை மூடினால் வியர்வை பற்றித்தான் தியானம் வரும். இங்கே சில்வர் ஓக் மரத்தடியில், காபிச் செடிகளுக்கு நடுவே, ஒரு பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார முடியும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபிதான் இன்று இந்த மலை முழுக்க நிற்கிறது.

திருச்சபைக்கும் இந்த மலை புதிதில்லை. சேலம் மறைமாவட்டம் உருவானது 1930இல். அதற்கு முன்பே, 1894இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட்டும் 1917இல் மான்ஃபோர்ட் பள்ளியும் ஏற்காட்டில் வந்துவிட்டன. துறவற சபைகள் இங்கே நிறைய இருப்பதால் அமைதி தேடி வருகிறவர்களை ஊர்க்காரர்கள் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

ஒன்று மறக்கக்கூடாது. நாம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது மலையாளிப் பழங்குடி மக்களின் மலை. உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயில் அவர்களுடையது. அந்தப் பக்கம் நடக்கப் போனால் விருந்தாளியாக நடந்துகொள்ளுங்கள். கிதார் எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

எந்த மாதம் நடக்கும்?

மே மாதத்தில் ஒருபோதும் கிடையாது. கோடை விழா, மலர்க் கண்காட்சி, கார் வரிசை. அமைதி தேடி மே மாத ஏற்காட்டுக்கு வருகிறவரைப் பார்த்து ஏற்காட்டு ஒண்டிக்கடைச் சந்திப்பில் கடை வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். எனவே பொங்கல் முடிந்து, அடுத்த இன்டர்னல் தொடங்குவதற்குள் கிடைக்கிற ஒரு வார இறுதியைப் பிடிப்பது எங்கள் வழக்கம்.

எப்படி வந்து சேர்வது?

சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. அரசுப் பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திருச்செங்கோடு, ராசிபுரம், ஓமலூர் பக்கமிருந்து வருகிறவர்கள் நாலு மணிக்குள் சேலம் வந்துவிட்டால் இருட்டுவதற்குள் மேலே ஏறிவிடலாம். வளைவுகளில் வயிற்றைப் பிரட்டும் என்றால் முன் இருக்கையைப் பிடியுங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

பைக் வேண்டாம். எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் வேண்டாம். பனி இறங்கிய மலைப்பாதையில் நாலு பைக் ஒன்றாகக் கிளம்பினால் அது தியானத்துக்கு வருகிற பயணமாக இருக்காது.

மூன்று நாளும் வாயே திறக்கக்கூடாதா?

வெள்ளி இரவு செபத்துக்குப் பின் மௌனம் தொடங்கும். ஞாயிறு காலை உணவில் முடியும். இரண்டு இரவு, ஒரு முழுப் பகல், அவ்வளவுதான். உடம்பு சரியில்லை, கொதிக்கிற தண்ணீர் வேண்டும் என்றால் பேசலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். ஆன்ம வழிகாட்டியிடம் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். பாட்டும் செபமும் வாய்விட்டுத்தான்.

இதற்குத்தான் எல்லோரும் அதிகம் பயப்படுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சனிக்கிழமை காலை உங்களுக்குப் போரடிக்கும். பதினோரு மணி வாக்கில் பக்கத்தில் இருப்பவர் பிஸ்கட் மெல்லுகிற சத்தம்கூடக் கோபம் வரவைக்கும். மூன்று மாதத்துக்கு முன் யாரோ மீட்டிங்கில் சொன்ன ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப ஓடும். இதைப் பார்த்து 'எனக்குத் தியானம் வராது' என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதுதான் தியானம் தொடங்குகிற இடம். அந்த வார்த்தை மூன்று மாதமாக உள்ளேதான் இருந்தது, கேட்க உங்களுக்கு நேரமில்லை.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாருக்கும் இப்படித்தான். 1521இல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் எலும்பு நொறுங்கியது. படுத்த படுக்கையில் படிக்க வீரக்கதைப் புத்தகம் கேட்டார். அந்த வீட்டில் இருந்தது கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். அதைப் படித்தும், பழைய கனவுகளில் மூழ்கியும் நாளைக் கழித்தபோது ஒன்றைக் கவனித்தார்: அரசவைப் பெருமைகளைக் கற்பனை செய்யும்போது சுகமாக இருக்கிறது, முடிந்ததும் உள்ளே வறண்டுபோகிறது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தால் முடிந்த பிறகும் மகிழ்ச்சி நிற்கிறது. இந்தச் சின்னக் கவனிப்பிலிருந்துதான் அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் வளர்ந்தன. முழுதாகச் செய்தால் 30 நாள். இந்தப் பயிற்சிகள் வழியாகத்தான் தியானங்களுக்கே பாதுகாவலர் என்று 1922இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் அவரை அறிவித்தார்.

நம்முடையது அதன் வாசனை மட்டும். சனிக்கிழமை இரண்டு தியான உரைகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். பிறகு ஒரு விவிலியப் பகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடலாம். எது உள்ளே நிற்கிறது, எது வறண்டுபோகிறது என்று பாருங்கள். குழுத் தலைவராக இருப்பதில் உங்களுக்குப் பிடித்தது எது என்பதையும் இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மேடையில் பெயர் வாசிக்கும்போது வருகிற சந்தோஷம் எத்தனை மணி நேரம் தாங்குகிறது? முதலாமாண்டுப் பிள்ளை ஒன்றுக்கு விடுதிக் கட்டணம் கட்ட ஓடியது எத்தனை நாள் தாங்கியது? இதற்கு விடை நான் சொல்ல முடியாது.

செபத்தில் தூங்கிவிட்டால்?

தூங்குங்கள். இது விளையாட்டுக்குச் சொன்னதில்லை. 1 அரசர்கள் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை படியுங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியம் செய்த எலியா, அதன் பிறகு உயிருக்குப் பயந்து ஓடி, ஒரு செடியடியில் 'போதும் ஆண்டவரே, சாகிறேன்' என்று படுத்துக்கொள்கிறார். வானதூதர் வந்து அறிவுரை சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். இன்னொரு தடவை எழுப்பிச் சாப்பிட வைத்தார். அதற்குப் பிறகுதான் ஓரேபு மலைப் பயணம், அதற்கும் பிறகுதான் அந்த மெல்லிய ஒலி. செமஸ்டர் முழுக்க மூன்று மணிக்குப் படுத்தவருக்கு முதல் செபம் தூக்கமாகத்தான் இருக்கும். சனிக்கிழமை காலை எட்டு மணி வரை மணி அடிக்க மாட்டோம்.

போன்?

வெள்ளி இரவு ஒரு கவரில் போட்டு, பெயர் எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். ஞாயிறு காலை திரும்பக் கிடைக்கும். வீட்டில் அவசரம் என்றால் தியான இல்லத்து அலுவலக எண்ணுக்கு அழைக்கலாம், உடனே வந்து சொல்வோம். அந்த எண்ணைக் கிளம்புமுன் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். விவிலியம் போனில்தான் இருக்கிறது என்ற காரணம் ஒவ்வொரு முறையும் வருகிறது. அச்சுப் பிரதி தருகிறோம்.

பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) கட்டாயமா? எங்கள் ஃபாதரிடமே சொல்ல வேண்டுமா?

கட்டாயமில்லை. சனி மாலை நற்கருணை ஆராதனையின்போது வாய்ப்பு இருக்கும். உங்கள் கல்லூரியோடு சம்பந்தமில்லாத குருக்களை அழைப்பதற்குக் காரணமே இந்தக் கேள்விதான். நாளை உங்கள் தேர்வுத்தாளைத் திருத்தப்போகிறவரிடம் மனம் திறக்கக் கூச்சம் இருப்பது இயல்பு.

கேட்டதை எந்தக் குருவும் யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். உங்களிடமே அவராக அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். பல வருடமாகப் போகவில்லை, செபமெல்லாம் மறந்துவிட்டது என்றால் அதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மற்றதை அவர் கேட்டுக்கொள்வார்.

எங்கள் குழுவில் ஒரு சி.எஸ்.ஐ. அக்காவும் ஒரு இந்து நண்பனும் சுறுசுறுப்பாக வேலை செய்கிறார்கள். அவர்களும் வரலாமா?

தாராளமாக வரலாம். அங்கே நடப்பது முழுக்கக் கத்தோலிக்கச் செபம் என்பதை மட்டும் முன்பே சொல்லிக் கூட்டி வாருங்கள், யாரும் ஏமாந்த மாதிரி உணரக்கூடாது. திருப்பலியில் நற்கருணை வாங்குவது கத்தோலிக்கர்களுக்கு மட்டும். மற்றவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம், விரும்பினால் கைகளை மார்பில் குறுக்கே வைத்து வந்து ஆசீர் பெறலாம். மதம் மாற்றும் பேச்சு அங்கே வராது. ஆராதனை நேரத்தில் வெளியே நடந்துவிட்டு வருகிறேன் என்றாலும் சரி.

மகளைத் தனியாக அனுப்பலாமா? (ஒரு அம்மா கேட்டது)

கேட்க வேண்டிய கேள்வி அம்மா. பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடம். அங்கே சிஸ்டர்களும் பேராசிரியைகளும் கூடவே தங்குவார்கள். தனி உரையாடல்கள் எல்லாம் தோட்டத்தில் அல்லது கதவு திறந்த அறையில், மற்றவர்கள் கண்ணில் படுகிற இடத்தில்தான் நடக்கும். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். வளாகத்தை விட்டு யாரும் தனியாகப் போக முடியாது. சந்தேகமிருந்தால் வெள்ளிக்கிழமை நீங்களே கூட வந்து இடத்தைப் பார்த்து, ஒரு காபி குடித்துவிட்டுப் போங்கள். அப்பாக்கள் சிலர் வருகிறார்கள், எங்களுக்குச் சந்தோஷம்தான்.

சாமியார் மடத்துக்கு ஆள் பிடிக்கிற கேம்ப்பா?

வீட்டில் பாட்டி இப்படித்தான் கேட்பார். இல்லை. யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால் வழிகாட்டியிடம் பேசலாம், அதற்கான பாதை தனி, வருடக்கணக்கில் நீளம். இங்கே எந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்க மாட்டோம்.

சனிக்கிழமை மாலை மலை நடையின்போது நாங்கள் நினைவுகூர்வது பொதுநிலையினர் ஒருவரை, அதாவது குருவோ துறவியோ அல்லாதவரை. பியர் ஜோர்ஜோ ஃப்ராசாத்தி. இத்தாலியின் துரின் நகரத்து மாணவர், மலையேறுவதில் பைத்தியம், கத்தோலிக்க மாணவர் அமைப்பில் உறுப்பினர், வின்சென்ட் தே பவுல் சபையில் ஏழைகளின் வீடு வீடாகப் போனவர். சுரங்கத் தொழிலாளர்களுக்கு நடுவே இருக்க வேண்டும் என்பதற்காகச் சுரங்கப் பொறியியல் படித்தார். சேலத்துப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்: அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கம், மேலே பாக்சைட் வெட்டிய பள்ளங்கள். படிப்பு முடியும் தருவாயில், 1925 ஜூலை 4 அன்று, 24 வயதில் இளம்பிள்ளை வாதத்தில் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் திரண்ட ஏழைகளைப் பார்த்த பிறகுதான் மகன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது அவர் வீட்டாருக்கே முழுதாகத் தெரிந்தது. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ இவரையும் கார்லோ அகுத்திஸ் என்ற இத்தாலியச் சிறுவரையும் ஒரே நாளில் புனிதர்களாக அறிவித்தார். மேடையே ஏறாத மாணவத் தலைவர் வேண்டுமென்றால் ஃப்ராசாத்தி.

அடுத்த வருஷ நிகழ்ச்சிகளை அங்கேயே உட்கார்ந்து திட்டமிட்டுவிடலாமா? எல்லோரும் ஒன்றாகக் கிடைப்பது அப்போதுதான்.

இந்த ஆசைதான் தியானத்தைக் கெடுக்கும். சனிக்கிழமை நோட்டு எடுத்து பட்ஜெட் போட ஆரம்பித்தால் நோட்டை வாங்கி வைத்துக்கொள்வோம். ஞாயிறு காலை மௌனம் முடிந்த பிறகு ஒன்றரை மணி நேரம் குழுப் பகிர்வு உண்டு. அங்கே பெல்ஜியத்துக் குரு ஜோசப் கார்டைன் கற்றுக்கொடுத்த பார்த்தல், சீர்தூக்கல், செயல்படுதல் முறையைப் பின்பற்றுகிறோம். இளம் தொழிலாளர்களிடையே அவர் வளர்த்த இந்த முறையை 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தம் சுற்றுமடலிலேயே எடுத்துச் சொன்னார். முதல் படியிலேயே நிதானமாக நில்லுங்கள். நம் பிள்ளைகள் பார்க்காமலே செயலுக்குத் தாவுவதில் கெட்டிக்காரர்கள்.

அதோடு விடுதலைப் பயணம் 18ஆம் அதிகாரம். மோசே காலை முதல் மாலை வரை ஒற்றை ஆளாக வழக்கு கேட்கிறார். மாமனார் இத்திரோ ஒருநாள் பார்த்துவிட்டு, நீர் செய்வது சரியில்லை, நீரும் களைத்துப்போவீர் மக்களும் களைத்துப்போவார்கள் என்கிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று ஆள் போடச் சொல்கிறார். மாமனார் சொல்லி மருமகன் உடனே கேட்டதே பெரிய அதிசயம். உங்கள் குழுவில் பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ள நம்பிக் கொடுக்கிற ஆள் யார் என்று ஒரு பெயரையாவது எழுதிக்கொண்டு இறங்குங்கள். பட்ஜெட் சேலத்தில் போட்டுக்கொள்ளலாம்.

நானும் அவனும் பேசுவதில்லை. அவனும் வருகிறானாம்.

நல்லது. ஒன்றரை நாள் யாருமே பேசப்போவதில்லை, உங்கள் சண்டை வெளியே தெரியாது. சமாதானமாகியே தீர வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டிப்பிடிக்க வைக்க மாட்டார்கள். அப்படி மேடையில் நடத்துவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஞாயிறு காலை இட்லி வரிசையில் 'சட்னி எடுக்கட்டுமா' என்று ஒருவர் கேட்டாலே பல கதைகள் முடிந்துவிடும். முடியாவிட்டாலும் பரவாயில்லை.

மனசு சரியில்லை, மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். வரலாமா?

முதலில் மருத்துவரிடம் கேளுங்கள், பிறகு எங்களில் ஒருவரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. செபம் செய்தால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். நீண்ட மௌனம் சிலருக்கு அந்த நேரத்தில் பாரமாக இருக்கும். அவர்களுக்கு சமையலறையில் சிஸ்டரோடு காய் நறுக்குகிற வேலை, தோட்ட வேலை, பேச ஒருவர் என்று மாற்றிக்கொள்வோம். தியானம் வரை காத்திருக்க முடியாத அளவுக்கு மனம் கனத்தால், நாட்டின் எந்த மூலையிலிருந்தும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

கட்டணம், சாப்பாடு, எடுத்துவர வேண்டியவை?

கட்டணம் அழைப்பிதழில் இருக்கிறது. முடியாதவர்கள் ஒரு வரி அனுப்பினால் போதும், காரணம் கேட்க மாட்டோம். சாப்பாடு எளிமையானது, வயிறு நிறையும். மலைக் காபி உண்டு. தட்டுவடை செட் கிடையாது, அதற்கு சேலம் திரும்பித்தான் ஆகவேண்டும்.

ஸ்வெட்டர் அவசியம். ஜனவரி இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும், சேலத்து உடம்பு தாங்காது. போர்வை நாங்கள் தருகிறோம். டார்ச், தண்ணீர் பாட்டில், மாத்திரைகள், எழுத ஒரு நோட்டு. தின்பண்டத்தை ஜன்னலோரம் வைத்தால் குரங்குக்குப் போய்விடும்.

ஞாயிறு எத்தனை மணிக்கு இறங்கலாம்? திங்கள் இன்டர்னல் இருக்கிறது.

பதினொரு மணிக்குத் திருப்பலி, ஒரு மணிக்குச் சாப்பாடு, இரண்டரைக்கு வேன். ஏரியில் படகு, பகோடா பாயின்ட் என்று திட்டம் போடுகிறவர்கள் அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை இறங்குகிற கார்களோடு நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். நாலரைக்குள் சேலம் பஸ் ஸ்டாண்டில் இருந்தால் திருச்செங்கோட்டுப் பிள்ளைகள்கூட ஏழு மணிக்கு விடுதியில் இருக்கலாம். படிக்க வேண்டிய புத்தகத்தை மலைக்குக் கொண்டுவராதீர்கள், யாரும் திறந்து பார்த்ததே இல்லை.